எங்க குழுவோட ஒம்பது நாடகம்: வசனம் போச்சு, பாட்டு நிக்குது. வரலாறு எழுத வழி சொல்லுங்க

பீலிக்கரை (ஹட்டன்)

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல பதினெட்டு வருஷமா சின்ன நாடகக் குழு ஒண்ணு நடத்திக்கிட்டு வர்றோம். சொந்த மண்டபம் கிடையாது. ஒரே நேரத்துல பதினாலு பேருக்கு மேல இருந்ததும் கிடையாது. ஆனா அடுத்தவங்க எழுதின நாடகத்த ஒரு தடவையும் எடுத்துப் போட்டதில்ல. ஒம்பது நாடகம், ஒம்பதும் எங்களுக்குள்ளயே பேசி, எழுதி, பாடிப் பாத்து உண்டாக்கினது. அதுல மூணு முழுக்க இசை நாடகம்.

இதுக்கெல்லாம் ஒரு வரலாறு எழுதி வைக்கணும்னு போன மாசம் உக்காந்தேன். பெட்டியத் திறந்தா ரெண்டு நாடகத்துக்குத்தான் முழுப் பிரதி இருக்கு. மத்தது பாதிக் கொப்பி, கிழிஞ்ச தாள். ஒரு மழைக்காலத்துல லயத்துக் காம்பரா (அறை) கூரைத் தகரம் பேந்து ஒழுகினதுல ரெண்டு கொப்பி ஒட்டிப்போச்சு. மை கரைஞ்சு நீலக் கறைதான் மிச்சம். எழுதின எனக்கே வசனம் ஞாபகம் இல்ல.

பாட்டு அப்படி இல்ல. ரெண்டு கிழமைக்கு முந்தி பக்கத்துத் தோட்டத்துக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். பீலியில (தண்ணி விழுற இடத்துல) பாத்திரம் கழுவிக்கிட்டே நாலு பொம்பளைங்க பாடுறாங்க. எங்க மூணாவது நாடகத்துல கொழுந்து நிறுக்கிற காட்சிக்கு நான் கட்டின பாட்டு! யாரு பாட்டுன்னு கேட்டேன். "இது எங்க அம்மாயி காலத்துப் பாட்டு தம்பி"ன்னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு, அவ்வளவு சந்தோசம். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் பயம் பிடிச்சுக்கிச்சு. பாட்டு நாடகத்த விட்டுத் தனியாப் போயிருச்சு. அத மொதல்ல மேடையில நின்னு பாடினவங்க பேரு எங்கயும் இல்ல.

எங்க இருந்து தொடங்கி எழுதுறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஊவாக்காரி (பதுளை)

அண்ணே, உங்க கோச்சி (ரயில்) நாடகம் எங்க தோட்டத்துக்கு வந்தது எனக்கு நல்லா நினைவிருக்கு. அப்ப நான் ஒம்பதாம் வகுப்பு. வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல படங்கு விரிச்சு, ரெண்டு வாங்கு (பெஞ்சு) போட்டு, அதுதான் கோச்சிப் பெட்டின்னு சொன்னீங்க. நாங்களும் நம்பினோம்.

வருஷம், பேரு, எத்தன காட்சின்னு அட்டவணையாப் போட்டு எழுதாதீங்க. எப்ப எங்க போனீங்க, ஏன் போனீங்கன்னு எழுதுங்க. ஆனி ஆடியில உங்க பக்கம் தென்மேல் பருவ மழை விடாம அடிக்கும். எங்க ஊவாப் பக்கம் அப்பதான் வெயில். மார்கழி தையில எங்களுக்கு வடகீழ் மழை, உங்களுக்கு வெளிச்சம். திறந்த வெளியில ஆடுற குழுவுக்கு மழைதானே பயணத்தத் தீர்மானிக்குது? நீங்க எங்க ஊருக்கு வந்த மாசம் ஆடி. அத வச்சே உங்க நாடகங்கள்ல பாதிக்கு மாசம் கண்டுபிடிச்சிரலாம்.

பேராதனைப் படிக்கட்டு (கண்டி)

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். உங்கள் வரலாற்றை உங்கள் குழு தொடங்கிய நாளிலிருந்து தொடங்காதீர்கள். மலைநாட்டில் புது நாடகமும் பாட்டும் சேர்ந்து நடந்த பாதை ஒன்று உங்களுக்கு முன்பே இருக்கிறது. கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியவர் மட்டுமல்லர். 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்று தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையை நாடகமாக எழுதியவரும் அவர்தான். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தாமே பாட்டெழுதி, தோட்டங்களில் பாடிச் சனத்தைத் திரட்டினார். மடக்கொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது 'விஸ்மாஜினி' என்ற தம் இசை நாடகத்தை அவர் கையில் கொடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இசை நாடகம் எழுதி தாகூரிடம் போய் நின்றது உங்கள் முதல் அத்தியாயத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது செய்தி பேராதனைப் பல்கலைக்கழகம் பற்றியது. 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 'மனமே'யை மேடையேற்றினார். 'நாடகம' என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவத்தின் இசையையும் ஆட்டத்தையும் எடுத்து ஒரு புது நாடகம் செய்யலாம் என்று அது காட்டியது. அந்த நாடகம என்பதே நம் கூத்தோடு உறவுள்ள வடிவம். அதன்பின் அதே பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. விடிய விடிய வட்டக்களரியில் (வட்டமான திறந்த ஆடுகளத்தில்) ஆடியதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்தார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அதே கூத்தைத் திரும்பத் திரும்ப மெருகேற்றினார்.

ஒன்று மட்டும் என் மனத்தில் இன்னும் கிடக்கிறது. அந்த நாடகங்கள் நடந்த மலைகளைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மாசி பிறந்தால், மன்மதன் எரிந்து ரதி அழும் காமன் கூத்து நடந்தது. அதை அந்த மேடையில் நான் பார்த்ததில்லை. நீங்கள் அந்த இடைவெளியில் வேலை செய்கிறீர்கள். அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

பீலிக்கரை (ஹட்டன்)

சேர், ரொம்ப நன்றி. சி.வி. விசயம் எங்க பிள்ளைங்களுக்கு நான் சொல்லவே இல்ல, இந்த ஞாயிறே சொல்றேன். ஊவாக்காரி தங்கச்சி கோச்சி நாடகத்தப் பத்திச் சொன்னதால அதப் பத்தி இங்க சொல்றேன். எங்க குழு செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

1964 ஒக்டோபர் 30ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. பிரசாவுரிமை இல்லாத இந்திய வம்சாவளிச் சனம் 9,75,000 பேருல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இங்க, மிச்சம் 1,50,000 பேரைப் பத்திப் பொறகு பேசலாம்னு. எங்க பெரியம்மா குடும்பம் ஹட்டன் ஸ்டேசன்ல கோச்சி ஏறினதுதான், அம்மா அதுக்கப்புறம் அவங்களப் பாக்கல. கப்பல் ஏறுற தலைமன்னார் வரைக்கும் அழுதுக்கிட்டே போனதால சனம் அதுக்கு ஒப்பாரிக் கோச்சின்னே பேரு வச்சிருச்சு.

இத வசனமா எழுதிப் பாத்தேன், வரல. யாரு பேசினாலும் மேடைப் பேச்சு மாதிரி இருந்துச்சு. அப்ப எங்க தப்பு (பறை) அடிக்கிற பொடியன் ஒருத்தன் ஒத்திகைக்கு நடுவுல சும்மா கோச்சிச் சத்தத்தத் தட்டினான். மெதுவாத் தொடங்கி, மேட்டுல இழுத்து, வளைவுல திரும்பி. அதுலயே ஒரு பாட்டு கட்டினோம். ஒவ்வொரு வரியும் ரெண்டு துண்டு. போறவங்க மொத துண்டப் பாடுவாங்க, இருக்கிறவங்க அடுத்த துண்டப் பாடி முடிப்பாங்க. ஒரு வாங்கு மெல்ல மெல்ல நகந்து பெரட்டுக்களத்துக்கு அந்தப் பக்கம் போகும். கடைசியில ரெண்டு பக்கமும் தன் துண்ட மட்டும் பாடும். நடுவுல இடம் காலியா இருக்கும். தப்பு மட்டும் அந்த இடத்துல தட்டிக்கிட்டே இருக்கும்.

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துல போட்டப்ப, அந்தக் காலி இடத்துல சனத்துக்குள்ள இருந்து ஒரு கிழவி குரல் வந்துச்சு. ஒரு தடவ கேட்ட பாட்டு, அவங்க பிடிச்சுக்கிட்டாங்க. அடுத்த வரிக்குப் பத்துப் பேரு. நாங்க நடிக்கிறத நிறுத்திட்டு அப்படியே நின்னோம்.

மழைக்கோட்டு (கூடலூர், நீலகிரி)

ஐயா, நான் இந்தக் கரையில இருந்து எழுதுறேன். தாத்தாவும் பாட்டியும் மஸ்கெலியாவுல இருந்து வந்தவங்க. தாயகம் திரும்பினவங்களுக்குன்னு 1968ல தமிழ்நாடு அரசு தொடங்கின தேயிலைத் தோட்டத்துலதான் ரெண்டு பேரும் வேலை செஞ்சாங்க. இங்கயும் கொழுந்து, இங்கயும் லயம்.

உங்க கோச்சிப் பாட்ட யாரோ வாட்சப்ல அனுப்பி எங்க குடும்பக் குழுவுக்கு வந்துச்சு. யாரு பாடினதுன்னு எங்களுக்குத் தெரியாது. பாட்டிக்குப் போட்டுக் காட்டினோம். அந்தக் காலி இடம் வந்ததும் பாட்டி அவங்களா வரி போட்டுப் பாடினாங்க. ஸ்டேசன்ல விட்டுட்டு வந்த நாயோட பேரச் சொல்லி ஒரு வரி. அறுபது வருசம் பக்கத்துல அந்த நாயைப் பத்தி எங்க யாருக்கும் அவங்க சொன்னதே இல்ல. பதிவு பண்ணி வச்சிருக்கேன். உங்க வரலாற்றுல அதுக்கும் இடம் இருக்குமா?

கம்பத்தடி (தலவாக்கலை)

எல்லாரும் பாராட்டுறீங்க. எனக்கு ஒரு கேள்வி இருக்கு, கோபமும் இருக்கு. நேராவே கேக்குறேன்.

எங்க அப்பா காமன் கூத்து பழக்குற மாஸ்டர். மாசியில மூணாம் பிறை பாத்து, பொட்டல்ல கம்பம் ஊணி, காப்புக் கட்டினதுக்கு அப்புறம் வீட்டுக்குள்ள கவிச்சி கிடையாது. ரதி வேசம் கட்டுற ஆம்பள அந்த நாள் பூராவும் விரதம். மன்மதன் எரிஞ்ச ராத்திரி ரதி அழுவா. அந்த அழுகை ராகத்த அப்பா வேற எந்த நாளும் வாயில எடுக்க மாட்டாரு. சின்னப் புள்ளையில நான் விளையாட்டாப் பாடினதுக்கு அடி வாங்கியிருக்கேன்.

பீலிக்கரை அண்ணே, உங்க கடைசி இசை நாடகத்துல அந்த ராகத்தக் கேட்டேன். மண்டபத்துல, கதிரை போட்டு, வெளிச்சம் போட்டு. பாட்டு முடிஞ்சதும் சனம் கை தட்டுச்சு. ரதி அழுததுக்கு யாராவது கை தட்டுவாங்களா? அப்பா போயி நாலு வருசம் ஆச்சு. அவரு காத்தத நீங்க புதுசுன்னு நோட்டீசுல போட்டு மேடையில வச்சிட்டீங்கன்னு எனக்குத் தோணுச்சு. இது வரலாற்றுல எப்படி வரப்போகுது?

பீலிக்கரை (ஹட்டன்)

தம்பி, நீங்க கேட்டது நியாயம். நடந்தத அப்படியே சொல்றேன்.

அந்த ராகத்துக்காக எங்க பக்கத்து மாஸ்டர் ஒருத்தர் வீட்டுக்கு மூணு தடவ போனேன். மொத தடவ தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டாரு. ரெண்டாவது தடவ, "கம்பம் ஊணாம ரதி அழமாட்டா"ன்னாரு. மூணாவது தடவ நாடகக் கதைய முழுசாச் சொன்னேன். கொழும்புல கட்டட வேலைக்குப் போன புருசன் சாரத்துல இருந்து விழுந்து, பெட்டியில ஊருக்கு வர்றான். பொஞ்சாதி அழணும். என்ன ராகத்துல அழுவான்னு எனக்குத் தெரியல மாஸ்டர்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் அவரு பேசல. அடுப்படிக்குப் போயி ரெண்டு கைப்பிடி மிலாறு (காய்ஞ்ச தேயிலைக் குச்சி) கொண்டாந்து இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) பத்த வச்சாரு. அன்னைக்கு மூடுபனி வாசல் வரைக்கும் இறங்கி இருந்துச்சு, தப்புத் தோல் நனைஞ்ச துணி மாதிரி தொய்ஞ்சு கிடந்துச்சு. தோல நெருப்புக்குக் காட்டி, திருப்பி, விரல் நுனியால தட்டி, காதுல வச்சுக் கேட்டு, திரும்பக் காட்டி, சத்தம் ஏறுற வரைக்கும் விடல. அப்புறம் தோள்ல கிடந்த துண்ட எடுத்து முக்காடு போட்டுக்கிட்டாரு. அறுபத்தஞ்சு வயசு மனுசன், கவ்வாத்துக் கத்தி பிடிச்சுத் தழும்பேறின கை. அந்தக் கைய நெத்திக்குக் கொண்டு போனாரு. எனக்கு முன்னால ஒரு பொம்பள உக்காந்திருந்தா, தம்பி. வேற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியல.

ரெண்டு வரி பாடிட்டு நிறுத்தினாரு. அடுத்தாப்புல அதே ராகத்துல ஒரு இழுப்ப மாத்தினாரு, முடிவுல கீழ இறங்குற இடத்துல இறக்காம நிப்பாட்டினாரு. "இது ரதியோட அழுகை இல்ல. ரதிக்குத் தங்கச்சியோட அழுகை. இதப் பொட்டலுக்கு வெளிய பாடலாம்"னு சொல்லி எனக்குப் பாடம் பண்ணிக் குடுத்தாரு. நாங்க மேடையில பாடினது அந்தத் தங்கச்சி அழுகை. மண்டபத்துல நெருப்புப் போட விடமாட்டாங்கன்னு, ஹலஜன் விளக்குக்குக் கிட்ட தப்பப் பிடிச்சுச் சூடேத்தினது கூட அவரு சொன்ன யோசனைதான்.

ஆனா நோட்டீசுல அவரு பேரப் போடல. அவசரம்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன், அது என் தப்பு. சனம் கை தட்டினப்ப எனக்கும் உள்ளுக்குள்ள குத்துச்சு. இப்ப எல்லாம் அந்தக் காட்சி முடிஞ்சதும் விளக்க அணைக்கிறதில்ல. தப்பு நாலு தட்டு மெதுவாத் தட்டி அடுத்த காட்சிக்குப் போயிருவோம். கை தட்ட இடம் இருக்காது.

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)

எங்கட பக்கத்திலயும் இதே சண்டை நெடுகக் கிடக்குது. கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டு போனதால அது உலகத்துக்குத் தெரிய வந்தது எண்டு ஒரு பகுதி. களரியை விட்டு எடுத்தா உயிர் போயிடும் எண்டு இன்னொரு பகுதி. சீலாமுனையில சி. ஜெயசங்கர் ஆக்கள் வேற வழி பிடிச்சவை. ஊரிலயே கூத்துப் பழக்கிற அண்ணாவியாரோடயும் கூத்தரோடயும் இருந்து, கதையில எதை மாத்துறது, பெண் பாத்திரத்தை எப்பிடி வைக்கிறது எண்டு பேசிப் பேசி, ஊருக்குள்ளயே ஆடினவை. கூத்து மீளுருவாக்கம் எண்டு அதுக்குப் பேர்.

பீலிக்கரை, உங்கட மாஸ்டர் அந்த இழுப்பை மாத்தித் தந்தார் பாருங்கோ, அதுதான் மீளுருவாக்கம். செய்தவர் அவர், நீங்கள் கேட்டனீங்கள். எழுதேக்க அப்பிடியே எழுதுங்கோ.

செக்ரோல் (நுவரெலியா)

ரெண்டு நடைமுறை விசயம். பொதுமக்களுக்கு முன்னால நாடகம் போட, 1912ஆம் ஆண்டுச் சட்டத்துப்படி பிரதிய முன்கூட்டி அனுப்பி அனுமதி எடுக்கணும். டிக்கட் வித்துப் போட்ட நாடகத்துக்கு நீங்க அனுப்பியிருப்பீங்க. முத்திரை குத்தித் திரும்பி வந்த பிரதி அந்த நேரம் செயலாளரா இருந்தவர் பைல்ல கிடக்கும், தேடுங்க. அரச நாடக விழாவுக்கோ தமிழ்த்தினப் போட்டிக்கோ ஏதாவது ஒரு பகுதிய குடுத்திருந்தா, பழக்கின டீச்சர்கிட்டயும் கேளுங்க.

அடுத்தது, கிடைச்சத எல்லாம், ஒட்டிப்போன கொப்பியையும் சேத்து, நூலகம் இணையத்தளத்துக்காரங்ககிட்ட குடுங்க. 2005ல இருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்கள ஸ்கேன் பண்ணி வைக்கிறாங்க. ஒலிப்பதிவும் எடுத்துக்குவாங்க. தகரம் பேந்தாலும் அது நனையாது.

கொழுந்துக்கூடை (கட்டுநாயக்கா)

அண்ணே, என்ன அடையாளம் தெரியுதா? கோச்சி நாடகத்துல பெரிய மக. கல்யாணம் முடிச்சு இப்ப இங்க காமெண்ட் (உடுப்பு) பெக்டரியில வேலை. ராத்திரி சிப்ட் முடிஞ்சு வந்து இழை முழுக்க வாசிச்சேன்.

வசனம் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. போகல அண்ணே. மெசின்ல உக்காந்து கைமடிப்புத் தைக்கிறப்ப நான் அந்த நாடகத்த முழுசா ஓட்டிப் பாப்பேன். என் வசனம் மட்டும் இல்ல. எனக்கு முந்தி சித்தப்பா என்ன சொல்லணும், அவரு எந்த இடத்துல இருமுவாரு, கங்காணி எந்தப் பக்கத்துல இருந்து வருவாரு, எல்லாம் இருக்கு. நீங்க பெட்டியத் தேடினீங்க, எங்கள ஒருத்தரும் கேக்கல.

இன்னொண்ணு சொல்லணும், மனசுல வச்சுக்காதீங்க. பாஸ்போட்டக் கையில வாங்கினதும், "படத்துல நான் சிரிக்கவே இல்லையே, அங்க என்ன எப்படி அடையாளம் பிடிப்பாங்க"ன்னு மக கேக்கிற வசனம், அது நீங்க எழுதினது இல்ல. ஒத்திகையில என் வாயில வந்தது. நீங்க அத அப்படியே எழுதிக்கிட்டீங்க. நோட்டீசுல எழுத்து இயக்கம்னு உங்க பேரு, நாங்க "மற்றும் குழுவினர்". அன்னைக்கு அது எனக்குப் பெருசாத் தெரியல. இன்னைக்கு எம் மகளுக்கு அந்த நோட்டீசக் காட்டுறேன், எம் பேரத் தேடுறா.

உங்க அம்மா பேரையும் எழுதுங்க. ஆறரைக்கு மேல பொம்பளப் புள்ளைங்கள ஒத்திகைக்கு விடமாட்டாங்க. உங்க அம்மாதான் ஒவ்வொரு காம்பராவா வந்து கேட்டு, டோர்ச் அடிச்சுக் கூட்டிப் போயி, முடிஞ்சதும் வாசல்ல கொண்டாந்து விட்டாங்க. அவங்க நடக்காட்டி உங்க நாடகத்துல ஒரு பொம்பள இருந்திருக்க மாட்டா.

ஊவாக்காரி (பதுளை)

அக்கா, நீங்கதானா அது? அந்தப் பாஸ்போட் வசனத்துக்கு எங்க பாட்டி அழுதாங்க.

பீலிக்கரை (ஹட்டன்)

தங்கச்சி, உன்ன மறப்பேனா? நேத்து ராத்திரி இத வாசிச்சிட்டுத் தூங்கல. தலைப்புல நான் போட்டது பிழைன்னு ஒத்துக்கிறேன். தலைப்ப மாத்த மாட்டேன், கீழ உன் பதிவு இருக்கணும்.

முடிவு பண்ணிட்டேன். பெட்டியில இருந்து எழுதப் போறதில்ல. ஒவ்வொரு நாடகத்துக்கும் நடிச்சவங்கள, தப்பு அடிச்சவங்கள, கோச்சி வாங்க இழுத்தவங்கள ஒண்ணா உக்கார வச்சு, தொடக்கத்துல இருந்து சொல்லச் சொல்லி பதிவு பண்ணப் போறேன். மூணு பேரு இப்ப இல்ல. நாலு பேரு கொழும்புல, ரெண்டு பேரு வெளிநாட்டுல, அவங்கள போன்ல. கூடலூர் தம்பி, பாட்டியோட பதிவ அனுப்புங்க. அந்த நாயோட வரி கோச்சிப் பாட்டுக்கு அடியில பாட்டி பேரோட வரும்.

மொதல்ல எந்த நாடகத்தப் பதியிறதுன்னு யோசிச்சேன். மாஸ்டருக்கு உடம்பு சரியில்ல, அதனால கடைசி நாடகத்துல இருந்து பின்னுக்கு எழுதிக்கிட்டு வர்றேன். அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கு அவரு வீட்டு இஸ்தோப்புல. ரதி பாட்டக் கேக்க மாட்டேன், தங்கச்சி பாட்ட மட்டும் அவரு குரல்லயே பதியணும். கம்பத்தடி தம்பி, நீங்க வந்தா அவருக்கு ரொம்பச் சந்தோசமா இருக்கும்.

கம்பத்தடி (தலவாக்கலை)

வர்றேன் அண்ணே. அப்பாவோட தப்பு நாலு வருசமா ஆணியில தொங்குது, கொண்டாறேன். தோல் எப்படி இருக்குன்னு மாஸ்டர் பாத்துச் சொல்லட்டும். மிலாறு எங்க வீட்டுல காய்ஞ்சு கிடக்கு, ஒரு கட்டு எடுத்துக்கிட்டு ஒண்ணரைக்கே வந்துர்றேன்.